பெரிய உருவம், அஞ்சும் நெஞ்சம்

எங்கள் வீட்டு வாயிற்கதவில் ஒரு பலகை தொங்குகிறது. "நாய் கடிக்கும்" என்று பர்மிய மொழியில் சிவப்பு எழுத்துகளால் எழுதப்பட்ட பலகை. யாங்கோன் நகரில் இத்தகைய பலகைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் சிலவற்றின் பின்னால் நாயே இல்லை என்பதும், வேறு சிலவற்றின் பின்னால் இருக்கும் நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு வந்து விருந்தினர் காலை நக்கும் என்பதும் தெருவாசிகள் அனைவரும் அறிந்த இரகசியம். எங்கள் பலகையும் அவ்வகையைச் சேர்ந்ததே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எவ்வாறு பிழையாயிற்று என்பதையும், அப்பிழையில் நாயின் பங்கைவிட என் பங்கே மிகுதி என்பதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலரில் நாயைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டா என்று மலர்க் குழுவினரிடம் தயங்கியவாறே கேட்டேன். திருக்குறளின் பெருமை பற்றி ஏற்கெனவே ஏழு கட்டுரைகள் வந்துவிட்டன, தாங்கள் நாயைப் பற்றியே எழுதுங்கள் என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் நாயின் பெயர் கருப்பன். அல்சேஷன் இனமும் தெரு நாயும் கலந்த கலப்பினம். மை போன்ற கருநிறம், அகன்ற மார்பு, பின்னங்கால்களில் எழுந்து நின்றால் என் தோளைத் தொடும் உயரம். தெருவில் அவனை அழைத்துச் செல்லும்போது சைக்கார் ஓட்டுபவர்கூட வண்டியை ஓரங்கட்டுவார். எதிர்வீட்டுப் பர்மிய அம்மையார் அவனை "அவுங் நெ" என்று அழைப்பார். கருப்பு நாய்களுக்குப் பர்மியர் வழக்கமாக இடும் பெயர் அது. இரு மொழியிலும் பெயர் நிறத்தைக் கொண்டே அமைந்தது ஒரு பொருத்தம்.

இத்தனை பெரிய உருவத்தைப் படைத்தவனுக்கு அஞ்சாத பொருள் எது என்று பட்டியலிடுவதே எளிது. குடை விரிந்தால் அஞ்சுவான். காற்றில் உருளும் நெகிழிப் பை, மேல் தளத்தில் நாற்காலி இழுபடும் ஓசை, சுவருக்குப் பின்னாலிருந்து இரவில் குரல் கொடுக்கும், பர்மியர் "தௌதே" என்று சொல்லும் பெரும்பல்லி, எல்லாமே அவனுக்கு எமன். மின்சாரம் நின்று தெருவெங்கும் ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கினால் மாடிப்படியின் அடியில் போய் உடலைச் சுருட்டிக்கொள்வான். அந்தப் பெரிய உடல் அந்தச் சிறிய இடத்திற்குள் எப்படி அடங்குகிறது என்பது எங்களுக்கு இன்றும் வியப்பு. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நாள்களில் அவன் வீட்டில் இருப்பதே தெரியாது.

குடைக்கு அஞ்சுவதைக் கண்டு விருந்தினர் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்ததுண்டு. பின்னாளில், சார்லஸ் டார்வின் 1871-ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதனின் மரபுவழி பற்றிய நூலில் தம் நாயைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்பு குறைந்தது. வெயில் நாளொன்றில் புல்தரையில் விரித்து வைத்த குடை இளங்காற்றில் சற்றே அசைய, அருகில் படுத்திருந்த அவருடைய நாய் ஒவ்வொரு அசைவுக்கும் கடுமையாக உறுமிக் குரைத்ததாம். அது குட்டி நாயன்று, நன்கு வளர்ந்த, அறிவுள்ள நாய் என்பதையும் அவர் மறவாமல் சொல்கிறார். கண்ணுக்குப் புலப்படாத எவரோ அந்தக் குடையை அசைப்பதாக நாய் தன்னளவில் முடிவு கட்டியிருக்க வேண்டும் என்பது டார்வினின் கருத்து. அவ்வாறாயின், ஆண்டில் ஆறு மாதம் குடையின்றி எவரும் வெளியேறாத யாங்கோனில் கருப்பன் காணும் உலகம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் வைகாசி முதல் ஐப்பசி வரை தெருவெங்கும் நடமாடுகிறார்கள்.

அவன் அச்சத்திற்குக் காரணமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பிறந்தவன் அவன். அவ்வாண்டு செப்டம்பரில் கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டால் நகரமே வீட்டுக்குள் அடங்கியது. எங்கள் வீட்டுக்கு உறவினர் வரவில்லை, தண்ணீர்ப் புட்டி கொண்டுவருபவர்கூட வாசலில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் நால்வரைத் தவிர வேறு மனித முகத்தை அக்குட்டி காணவில்லை. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டுக் காலம் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே அது உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. அந்தச் சாளரம் திறந்திருந்தபோது கருப்பனுக்கு நாங்கள் காட்டிய உலகம் பூட்டிய கதவும் நான்கு முகங்களும். அக்காலத்தில் வேறு செய்திருக்க இயலாதுதான். ஆனால் கோழையாகப் பிறந்துவிட்டான் என்று அவன்மீது பழி சுமத்துவது நேர்மையன்று.

செவியும் அவனுக்குப் பகை. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் செவி 45,000 வரை கேட்கும். நமக்குக் கேளாத கீச்சொலிகள் அதற்கு உண்டு. நாம் "சற்றுச் சத்தம்" என்று கடந்து போகும் வெடியோசை அதன் காதில் எவ்வாறு விழும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

பெயர் வைத்தபோது பாட்டி ஒரு நிபந்தனை விதித்தார். கருப்பன் என்பது காவல் தெய்வத்தின் பெயர், அப்பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது, அடிக்கவும் கூடாது என்றார். பாட்டியின் சொல்லை மீற எங்கள் வீட்டில் எவருக்கும் துணிவில்லை. அதனால் அந்த நாய் செருப்பைக் கடித்தபோதும் எவரும் அடிக்கவில்லை, பாயை நனைத்தபோதும் ஏசவில்லை. அஞ்சும் நாயை அடித்தால் அச்சம் பெருகுமே தவிரக் குறையாது என்பதை இன்று விலங்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாட்டி மருத்துவம் படித்தவரல்லர். குலதெய்வத்துக்கு அஞ்சியதால் எங்களை அறியாமலே சரியானதைச் செய்துவிட்டோம். உறவினர் ஒருவர், சோற்றில் மிளகாய் அரைத்துக் கலந்து கொடுங்கள், நாய்க்கு ரோஷம் வரும் என்று அறிவுரை கூறியதுண்டு. பாட்டி அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கே ரோஷம் வந்து எழுந்து போனார்.

இனி அந்தத் தீபாவளிக்கு வருகிறேன்.

2023-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று தங்கை தன் மகனுடன் வந்திருந்தாள். சிறுவனுக்கு அப்போது ஆறு வயது. காலையிலிருந்தே தெருவில் வெடி. கருப்பன் விடியுமுன்பே மாடிப்படியின் அடியில் புகுந்துவிட்டான். பலகாரத் தட்டுகளுடன் கூடத்தில் அமர்ந்திருந்த நாங்கள் வழக்கம்போல அவனைக் கேலி செய்துகொண்டிருந்தோம். "மாமா, அவன் ஏன் வெளியே வரமாட்டேங்கிறான்?" என்று மருமகன் கேட்டான். "நீ போய்க் கூப்பிடு, வருவான். அவனாவது, கடிக்கிறதாவது!" என்று சொன்னவன் நான்தான். அந்தச் சொற்களை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சிறுவன் தவழ்ந்து உள்ளே போனான். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. வெளியே சரவெடி ஒன்று வெடித்தது. அடுத்த கணம் சிறுவனின் அலறல் கேட்டது. முன்கையில் இரண்டு பல் தடங்கள். குருதி. கருப்பன் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தான், அவன் நின்ற இடம் நனைந்திருந்தது.

தங்கை என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. குழந்தையின் கையைக் குழாயடியில் பிடித்தாள். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது நல்வேளையாக எங்களுள் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மஞ்சளும் காப்பித் தூளும் கொண்டு ஓடிவந்த அத்தையைத் தடுத்து நிறுத்துவதே பெரும்பாடாயிற்று. பின்னர் மருத்துவமனை. கருப்பனுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தோம், சான்றிதழும் கையில் இருந்தது. ஆயினும் மருத்துவர் சிறுவனுக்கு ஊசி போடுவதே தக்கது என்றார். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவும் சொன்னார். முன்னாளில் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளை நினைத்துப் பாட்டி அழுதார். இன்று அவ்வாறில்லை, கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதன்முதல் செலுத்தியதும் ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கே. அவனையும் கடித்தது நாயே.

இதை மிகையென எவரும் எண்ண வேண்டா. வெறிநாய்க் கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பத்துக்கு நால்வர் 15 வயதுக்குட்பட்ட சிறார். மனிதருக்கு அந்நோயைக் கொடுப்பது ஏறத்தாழ எல்லா நேரமும் நாய்தான். நோயின் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தெருநாய்கள் மலிந்த நம் நகரில் தன் நாய்க்குத் தடுப்பூசி போடாமல், "நம்ம நாய் சாது" என்று சொல்லும் வீட்டுக்காரர், நான் அன்று சொன்னதைவிடக் கொடிய சொல்லைச் சொல்கிறார் என்பேன்.

அன்று மாலை வீட்டில் பேச்சு எழுந்தது. நாயைப் பௌத்த மடம் ஒன்றில் கொண்டு விட்டுவிடலாம் என்றார் பெரியப்பா. வேண்டாத நாயையும் பூனையையும் மடத்து வளாகத்தில் விட்டு வருவது இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். துறவியர் தாம் பெற்ற உணவில் மிஞ்சியதை அவற்றுக்கும் இடுகிறார்கள். கருணை நிறைந்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே இருபது முப்பது நாய்கள் இருக்கும். குடைக்கு அஞ்சும் ஒருவனை அக்கூட்டத்தின் நடுவே இறக்கிவிட்டு வந்தால் ஒரு வாரம் தாங்குவானா? நம் குற்றத்தை நாம் காணாத இடத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. நான் அவ்வாறு சொன்னபோது தங்கை முதன்முறையாக வாய் திறந்தாள். "குற்றம் உங்களுடையதுதான் அண்ணா. ஆனால் ஊசி என் பிள்ளைக்குத்தானே?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை.

பத்து நாள் கட்டி வைத்திருந்த காலத்தில்தான் அவனை உண்மையில் கவனித்தேன் என்று சொல்ல வேண்டும். ஐந்தடித் தொலைவில் ஒரு முக்காலி போட்டு அமர்ந்திருப்பேன். எவரேனும் வாசலில் நின்றால் அவன் முதலில் தலையைத் திருப்பிக்கொள்வான். பின் உதட்டை நக்குவான். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுவான். விழியின் வெண்மை பிறைபோல் தெரியும். வால் தாழும், உடல் விறைக்கும். இத்தனைக்கும் பிறகே மெல்லிய உறுமல். கடிப்பதற்கு முன்னால் அத்தனை முறை "வேண்டாம்" என்று சொல்கிறான்! மூன்றாண்டுகளாக எங்கள் கண்முன்னே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். கொட்டாவியைச் சோம்பல் என்றும், தலையைத் திருப்புவதைப் பிடிவாதம் என்றும் நாங்கள் பொருள் கொண்டோம்.

ஞாயிறு வகுப்பில் எனக்கு இதே பிழை முன்னரே நேர்ந்ததுண்டு. வயதில் மூத்த, உடல் பருத்த மாணவன் ஒருவன் தமிழ் எழுத்து அறியாதவனாகையால் சிறுவர்களோடு இரண்டாம் வகுப்பில் அமர்த்தப்பட்டான். வாசிக்கச் சொன்னால் மேசையைத் தட்டுவான், பக்கத்துப் பையனைச் சீண்டுவான். முரடன் என்று இரண்டு மாதம் அவனை வெளியே நிறுத்தினேன். ஒருநாள் தனியே அழைத்து வாசிக்கச் சொன்னபோது அவன் விரல்கள் நடுங்குவதைக் கண்டேன். அதைப் பற்றி இங்கு மேலும் எழுதப் போவதில்லை.

நாயிடம் நாம் கேட்பது ஒரு வேடத்தை. சுவெடகோன் பகோடாவின் வாயில்களில் சிந்தே என்னும் பெருஞ்சிங்க உருவங்கள் கோரைப் பல்லைக் காட்டி அமர்ந்திருப்பதை அனைவரும் கண்டிருப்பீர்கள். நம் ஊர்க் காவல் தெய்வங்களின் உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் அவ்வகையே. அவை சுண்ணமும் மரமும் கல்லும், ஆதலால் வேடம் அவற்றை வருத்துவதில்லை. உயிருள்ள நாயைக் கொண்டுவந்து அதே வேலையை ஏற்றுக்கொள் என்கிறோம். திருட்டுக்கு அஞ்சும் நாம், நம் அச்சத்தைச் சுமக்க ஒரு பெரிய உடலைத் தேடுகிறோம். அவ்வுடலுக்குள் இருப்பதும் அச்சமே என்று தெரிந்ததும் ஏமாற்றம் கொண்டு சிரிக்கிறோம். நாலடியார் நாயின் நட்பை யானையின் நட்பைவிட உயர்த்திப் பேசுகிறது. தன் மெய்யில் வேல் தைத்திருக்கும்போதும் உடையவனைக் கண்டால் வாலாட்டும் என்கிறது. உயர்ந்த பாராட்டுத்தான். ஆயினும் வேலை எறிந்தவனைப் பற்றியும் நாம் சற்றுச் சிந்தித்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அச்சம் எளிதில் மறைவதுமில்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தபோது, பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளில் அகப்பட்டு, மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. உயிர் தப்பிய அவற்றுள் சில, தாம் கற்றிருந்த பழக்கங்களையெல்லாம் மறந்துவிட்டன. நாள்கள் பல கழித்து அவை தேறிய பிறகும், கதவின் அடியில் சிறிது நீர் கசிய விட்டபோது ஒரு நாய் மீண்டும் நிலைகுலைந்து போயிற்று. ஆகவே கருப்பனைத் துணிவுள்ளவனாக்கிவிடலாம் என்ற கனவை நாங்கள் விட்டுவிட்டோம். அவன் அச்சத்தோடு வாழ வேண்டியவன், நாங்கள் அவனோடு வாழ வேண்டியவர்கள்.

செய்தவை எளியவையே. மாடிப்படியின் அடியிலுள்ள இடம் இப்போது அவனுடையது. முன்னால் மூங்கில் தட்டி வைத்து, தரையில் சுண்ணாம்பினால் ஒரு கோடு கிழித்திருக்கிறோம். கோட்டைத் தாண்ட எவருக்கும் அனுமதியில்லை, எனக்கும் இல்லை. தடிஞ்யுட் விளக்குத் திருவிழாவிலும் தீபாவளியிலும் சன்னல்களை அடைத்து வானொலியை மெல்லப் பாட விடுகிறோம். தெருவுக்கு அழைத்துச் செல்லும்போது வாய்க்கூடு அணிவிக்கிறோம். முன்னிலும் அச்சமூட்டும் தோற்றம்தான், அதனால் கேடில்லை. அவன் நடுங்கும்போது தானே வந்து மடியில் தலை வைத்தால் தடவிக் கொடுக்கிறோம். அவ்வாறு செய்தால் அச்சம் வளரும் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள், அது பழைய கருத்து. சோறு ஊட்டும்போது "சாப்பிடாவிட்டால் கருப்பன் கடித்துவிடுவான்" என்று குழந்தைகளை மிரட்டுவதை எங்கள் வீட்டுப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாயை வைத்து அச்சத்தைக் கற்பித்துவிட்டு, அடுத்த நொடியே "அது ஒன்றும் செய்யாது, தொடு" என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும்? வாயிற்பலகையை மட்டும் கழற்றவில்லை. அது பொய் சொல்வதாக இப்போது நான் எண்ணுவதில்லை.

மருமகனுக்கு எட்டு வயது ஆகிறது. முன்கையில் இரண்டு வெண்புள்ளிகள் உண்டு, அவற்றைத் தன் தோழர்களிடம் பெருமையாகக் காட்டுகிறான். இவ்வாண்டு விழாவில் ஒப்பித்தல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். வாரந்தோறும் எங்கள் வீட்டுக்கு வரும்போது சுண்ணாம்புக் கோட்டிற்கு இப்பால், தட்டிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கிறான். முதுகைக் காட்டினால்தான் கருப்பனுக்குப் பிடிக்கும் என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். சில நாள் தட்டியின் ஓரத்தில் ஒரு கரிய மூக்கு தெரிகிறது. சில நாள் தெரிவதில்லை.

தங்கை மட்டும் இன்றுவரை, வாசலில் நின்று மாடிப்படியின் பக்கம் ஒருமுறை பார்த்த பிறகே செருப்பைக் கழற்றுகிறாள். பார்க்கட்டும் என்று நானும் அங்கேயே நின்று காத்திருக்கிறேன்.